காதுக்குக் கீழே இரண்டு வலி

"வாயைத் திறங்க அக்கா" என்றாள் ஸ்டெல்லா.

திறந்தேன். வேறு வழி? ஆபரேஷன் மேஜைமேல் மல்லாந்து கிடந்தேன். கைகள் இரண்டையும் பக்கத்தில் துணியால் கட்டியிருந்தார்கள். எத்தனையோ வருஷம் அந்த மேஜையின் தலைமாட்டில் நின்றவள் நான். அதில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் விளக்கு அவ்வளவு பூதாகரமாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விளக்கின் ஓரத்தில் ஓர் ஒட்டடை வேறு தொங்கியது. பிழைத்து எழுந்தால் ஆயா கன்னியம்மாவை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் விட்டாள். முதலில் வலது கன்னம். பிறகு நாக்குக்கு அடியில். பிறகு இடது கன்னம். அங்கே விரல் நின்றது. எதையோ நெம்பி வெளியே எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இது என்ன?"

அது என்ன என்று சொல்வதற்கு முன்னால், இப்படி வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கிற பழக்கம் யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. போன வாரம் இந்தப் பத்தியில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியபோது இருந்த நல்ல மனசு இந்த வாரம் எனக்கு இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தாடை பிடிக்கிற டாக்டரம்மா

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இருந்தேன். மல்லேஸ்வரத்தில் வீடு. அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் பாங்கில் வேலை பார்த்தார்.

அந்த நாளில் மயக்கம் என்றால் ஈதர்தான். கம்பிக் கூண்டு மாதிரி ஒரு மாஸ்க். அதன்மேல் மெல்லிய துணி. அதை நோயாளியின் மூக்கு வாய்மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக ஈதரை ஊற்ற வேண்டும். ஆள் தூங்கிவிடுவார். தூங்கிய பிறகுதான் என் வேலை ஆரம்பம்.

குறட்டை விடுகிறார்களே, அதன் பெரியண்ணனைப் பார்க்க வேண்டுமானால் மயக்கத்தில் பார்க்க வேண்டும். நாக்கு தளர்ந்து பின்னால் சரியும். சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். குறட்டை விடுகிற மனுஷனை இடித்து எழுப்பலாம். ஈதரில் கிடப்பவரை என்ன செய்து எழுப்புவது? மூச்சு வரும் வழி மூடினது மூடினதுதான். உதடு நீலமாகும். அதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் கதை முடிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். காதுமடலுக்குக் கீழே தாடை எலும்பு திரும்புகிற இடத்தில் விரலைக் கொடுத்து, கீழ்த்தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாடை வந்தால் நாக்கும் கூடவே வந்துவிடும். மூச்சு ஓடும். ஆபரேஷன் முடிகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கக் கூடாது. மற்றக் கையால் ஈதர் சொட்டு, நாடி, கண்ணிமை, எல்லாம். கை மாற்றிக்கொள்ளலாம், இடைவெளி விடக் கூடாது.

பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, அந்த ஊரில் அதை என்னைப்போல் செய்ய ஆள் கிடையாது. எங்கள் பெரிய சர்ஜன் டாக்டர் நஞ்சப்பா, தும்கூர் பக்கத்து மனுஷர், முன்கோபி. தியேட்டருக்குள் வந்ததும் முதலில் தலைமாட்டைத்தான் பார்ப்பார். நான் நின்றால் கையுறை மாட்டுவார். நான் இல்லாவிட்டால், "தேவகியம்மா எல்லி, எங்கே?" என்று கன்னடமும் தமிழும் கலந்து, கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்துவார்.

மறுநாள் வார்டுக்குப் போவேன். வெட்டின இடத்தைப் பற்றி நஞ்சப்பா கேட்டுக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒரே கேள்வி. "காதுக்குக் கீழே வலிக்குதா?"

"ஆமா டாக்டரம்மா, ரெண்டு பக்கமும் கன்னிப்போன மாதிரி வலிக்குது. வயித்துலதானே கத்தி வெச்சீங்க, அங்க எதுக்கு வலி?" என்பார்கள்.

சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன். அந்த வலி என்னுடையது. அது இருந்தால் அவர் உயிரோடிருப்பதில் என் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். சாயந்திரம் வீட்டில் என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டுக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பார். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தலைமுடி, புடவை எல்லாம் ஈதர் நாற்றம். எனக்கே குமட்டும். அதற்காகக் காலையில் பல் தேய்த்த கையோடு இடது கன்னத்தில் ஓர் ஏலக்காயை ஒதுக்கிக்கொள்வேன். மத்தியானம் வரை அது அங்கேயே இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசாதம் சாப்பாடாகுமா?

வாய்க்குள் விரல் விடுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்கு வருகிறவர் வெறும் வயிற்றோடு வர வேண்டும். எல்லோரிடமும் சொல்லுவோம். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சர் வார்டை விட்டு நகர்கிற நேரத்தில் மாமியாரோ அம்மாவோ ஓடிவந்து கோயிலில் கொடுத்ததை வாயில் திணித்துவிடுவார்கள். துளசி இலை, தேங்காய்ச் சில்லு, கல்கண்டு. தர்காவில் ஓதிக் கொடுத்த சர்க்கரைக் கட்டி. கேட்டால், "சாமி பிரசாதம் சாப்பாடாங்களா டாக்டரம்மா?" என்று நம்மையே கேட்பார்கள். நர்ஸ் திட்டுவாளே என்று நோயாளியும் அதை முழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாதுவாக வந்து படுப்பார். மயக்கம் வந்ததும் அது நழுவி நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும்.

ஆகவே ஈதருக்கு முன்னால் எல்லோர் வாயிலும் விரலை விட்டுத் துழாவிவிடுவேன். ஜட்ஜ் வீட்டு அம்மாளாக இருந்தாலும் சரி, மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் சரி. ரஸ்ஸல் மார்க்கெட் கசாப்புக்காரர் ஒருவர் பயத்தில் கடித்த தழும்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. நானாகக் கண்டுபிடித்தது. அழுத்திச் சொல்கிறேன்.

உட்கார்ந்துகொண்டு மயக்கம்

அப்படியிருக்கும்போது வந்தாள் ஸ்டெல்லா.

ரிச்சர்ட்ஸ் டவுன் பெண். வாசலில் கொய்யா மரம் நிற்கிற வீடு. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். சீமைக்குப் போய் மயக்க மருந்துக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு தோல் பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டு. அதில், முனையில் விளக்கு எரிகிற ஒரு வளைந்த கருவியும், சிவப்பு ரப்பர்க் குழாய்களும், கல்யாணப் பெண்ணின் நகை மாதிரி வரிசையாக இருந்தன.

முதல் நாள் அவள் செய்ததை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். நரம்பில் ஓர் ஊசி. ஆள் தூங்கினார். விளக்குக் கருவியால் நாக்கை ஒதுக்கினாள். சிவப்புக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. குழாயை நாடாவால் கட்டி, மெஷினோடு இணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள்! நான் அந்தத் தியேட்டரில் ஒரு நாளாவது உட்கார்ந்தது உண்டா? மயக்க மருந்து கொடுக்கிறவள் உட்காருவதாவது!

நஞ்சப்பா கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இஷ்டேனா? இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார். நாக்கு எங்க விழுந்தாலும் இனிமே கவல இல்ல. குழாய் இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் என்றுமில்லாத கருணை. மூலையில் கிடந்த நாற்காலியைக் காட்டி, "நீவு குத்கோளி, உக்காருங்க தேவகியம்மா. பாவம், எஷ்டு வர்ஷ நின்னுட்டீங்க" என்றார்.

எல்லோரும் அதை மரியாதை என்று நினைத்தார்கள். எனக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. நான் உட்காரவில்லை. கடைசி வரைக்கும் நின்றேன். நின்று என்ன பயன்? மறு வாரத்திலிருந்து நஞ்சப்பா உள்ளே வந்ததும் கேட்ட கேள்வி மாறிவிட்டது. "ஸ்டெல்லா எல்லி?"

பெரிய ஆபரேஷன் எல்லாம் அவளுக்கு. எனக்குக் கட்டி கீறுவது, குழந்தைகளுக்குத் தொண்டையில் டான்ஸில் சதை எடுப்பது போன்ற சின்ன ஆபரேஷன்கள்.

அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் தேவலை. நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை. வார்த்தைக்கு வார்த்தை அக்கா. கிறிஸ்துமஸுக்கு கேக், மற்ற நாளில் கொய்யாப்பழம். "வாங்க அக்கா, இந்தக் குழாய் போடறது ஒரு வாரத்துல வந்துடும், நான் காட்டறேன்" என்பாள். "என் கைக்கு என்ன குறைச்சல்?" என்பேன். சிரித்துக்கொண்டு போய்விடுவாள். நான் டான்ஸில் குழந்தைக்குத் தாடை பிடிக்கும்போது மட்டும் சத்தமில்லாமல் வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். முழங்கையை அகட்டி மறைத்துக்கொள்வேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு சந்தோஷம். குழாய் போட்டவர்களுக்கு மறுநாள் தொண்டை வலிக்கும். அவளுடைய நோயாளிகள் இருக்கிற வார்டுக்கு, எனக்கு அங்கே வேலையே இல்லாவிட்டாலும் போவேன். "தொண்டை வலிக்குதா?" "ஆமா டாக்டரம்மா, எச்சில் முழுங்க முடியல." அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

"உனக்கு அந்தப் பொண்ணு மேல வயித்தெரிச்சல்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா, எரியுது. அதுக்கென்ன இப்போ?"

என் முறை

அடுத்த மழைக்காலத்தில் எனக்கே கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் உதிரம் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் இழுத்தடித்து, ஒருநாள் தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்தேன். நஞ்சப்பா பரிசோதித்துவிட்டு, எடுத்துவிட வேண்டும் என்றார்.

"மயக்கம் யாரு குடுக்கறது?"

"ஸ்டெல்லா இத்தாளல்லா, இருக்காளே. பய ஏக்கே?"

பயம் எதற்கு என்று கேட்கிறார்! தாடையைத் தவறவிட்டால் என்னவாகும் என்று அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நீலமாகிப்போன உதடுகளைப் பார்த்தவள் நான். பெங்களூரில் என் தாடையை நம்பி ஒப்படைக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கைதான். அது என் கை. அதையும் கட்டிவிடுவார்கள். செத்துப்போவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

முதல் நாள் சாயந்திரம் ஸ்டெல்லா என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குழாய் எனக்கு வேணாம்" என்றேன்.

"ஏன் அக்கா, பல்லு எதாவது ஆடுதா? குழாய் போடறப்ப விழுந்துடும்னு பயமா?"

"ஒரு பல்லும் ஆடல. வேணாம்னா வேணாம்."

"அப்ப மாஸ்க் வெச்சுத் தாடையப் பிடிக்கணும். உங்க அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லயே அக்கா."

"அது உன் பாடு."

"சரி. கீழ் வயிறுதான், மாஸ்க்லயே பண்ணலாம். நடுவுல கஷ்டமாச்சுன்னா மட்டும் குழாய் போட்டுடுவேன். அதுக்கு ஒத்துக்குங்க."

ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. நான் தூங்கின அடுத்த நிமிஷமே குழாயை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்காரத்தான் போகிறாள். நான் என்ன பார்க்கவா போகிறேன்? ஆனால் என் தொண்டை பொய் சொல்லாது. விழித்ததும் முதல் வேலையாக எச்சில் விழுங்கிப் பார்ப்பது, வலித்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்குவது என்று முடிவு செய்துகொண்டேன். விழிப்பேனா என்பதுதான் பாக்கி.

"வருஷம் பூரா முறைச்சுட்டு, இப்ப அவ கையில கழுத்தக் குடுக்கப் போறியே, இன்னும் முறுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே என் போர்வையை இழுத்துவிட்டார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மேஜைமேல்

"அக்கா, இது என்ன?"

ஏலக்காய்.

காலையில் பல் தேய்த்தேன். கை தன்பாட்டுக்குப் பையில் இருந்த ஏலக்காய் டப்பாவுக்குப் போயிருக்கிறது. எனக்கு நினைவே இல்லை. தேங்காய்ச் சில்லுக்கும் கல்கண்டுக்கும் ஊரையே திட்டினவள், பிரசாதம்கூட இல்லாமல், வெறும் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறேன்.

"ஐயே! டாக்டரம்மாவே இப்டி கீறாங்க, அப்பால எங்களச் சொல்ல வந்துட்டாங்க" என்றாள் கன்னியம்மா. ஸ்ரீராம்புரத்துக்காரி, யாருக்கும் பயப்பட மாட்டாள். நஞ்சப்பா முகத்துணிக்குள் குலுங்கிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உள்ளே நழுவியிருந்தால்?

"விரல் விட்டுப் பார்க்கறத எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"உங்க கிட்டதான் அக்கா. பின்னால நின்னு பார்ப்பேனே. சீமையில யாரும் இப்டி பண்ண மாட்டாங்க."

திருடி. பட்டப்பகலில், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே அடித்திருக்கிறாள். அது இப்போது என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது.

மாஸ்க் முகத்தில் இறங்கியது. ஏலக்காய் இல்லாமல் ஈதரை மோந்தேன். அப்புறம் காதுக்குக் கீழே அவள் விரல்கள். குளிர்ந்திருந்தன. பிடித்த இடம் தப்பு. இன்னும் கொஞ்சம் மேலே, எலும்புக்குப் பின்னால் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னேனா என்று தெரியவில்லை.

எச்சில்

கண் விழித்தபோது குமட்டியது. வெயில் ஜன்னலில் இருந்தது. உயிரோடிருக்கிறேன். சரி. எச்சில் விழுங்கினேன்.

வலிக்கவில்லை.

மறுபடி விழுங்கினேன். ஒன்றுமில்லை. கையைத் தூக்கிக் காதுக்குக் கீழே தொட்டேன். சுரீர் என்றது. மற்றப் பக்கம் தொட்டேன். அங்கேயும் அப்படியே, கன்னிப்போய், தொட முடியாமல்.

கன்னியம்மா வாந்திக்குக் கிண்ணம் பிடித்தபடி கதை சொன்னாள். "அந்தம்மா ஸ்டூலுகிட்டயே போவல. நின்னது நின்னாப்லயே. வேர்த்துக் கொட்டிச்சு, நாந்தான் தொடச்சு வுட்டேன். நடுவால உன் மூச்சு கொர்ர்ர்னு ஒரு மாரி வந்துச்சு பாரு, பெரிய டாக்டரு பேஜாராயி, கொயாயப் போடு, ஜல்தி ஜல்தின்னு கத்தறாரு. அந்தம்மா லைட்டு வெச்சத ஒரு கையில எடுத்துடுச்சு. அப்பால இன்னா தோணுச்சோ, இந்தக் கை விரல இப்டி கொஞ்சம் நவுத்திச்சு. டக்குனு சத்தம் நின்னு போச்சு. லைட்ட கீழ வெச்சுடுச்சு."

சாயந்திரம் நஞ்சப்பா வந்தார். தையலைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். போகிற போக்கில் வாசலில் நின்று, "தலைமாட்டுல நீங்களே நின்ன மாதிரி இருந்துச்சு தேவகியம்மா" என்றார். சந்தோஷப்படுத்துவதாக நினைப்பு. குழாய் அவளுடையது, போகட்டும் என்று விட்டிருந்தேன். இந்தத் தாடை பிடிக்கிற வித்தை ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. இதையும் எடுத்துக்கொண்டாள். அதுவும் என் தாடையை வைத்தே.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா வந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

"காதுக்குக் கீழே வலிக்குதா அக்கா?"

என் கேள்வி. என் குரல்கூட.

"இல்லயே" என்றேன்.

"தொண்டை?"

"அதுவும் இல்ல. எங்கயும் வலிக்கல."

குனிந்து ஒரு விரலால் காதுக்குக் கீழே லேசாக அழுத்தினாள். "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்துக்கொண்டதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினேன்.

"மணிக்கட்டுக்கு உப்பு ஒத்தடம் குடு. எண்ணெய் தேய்க்காதே" என்றேன். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நடுவுல சத்தம் வந்துச்சாமே. விரல எங்க நவுத்தினே? காட்டு."

படுக்கையில் என் தலைமாட்டுக்கு வந்தாள். விரல்களை வைத்துப் பார்த்தாள். இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியல அக்கா. அந்த நேரத்துல கை தானாப் போச்சு. இப்ப வர மாட்டேங்குது."

பொய் இல்லை. எனக்கும் பலமுறை அப்படி ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு பல வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அதே தியேட்டரில் வேலை செய்தோம். குழாய் போடக்கூட அவளிடமே கற்றுக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அந்த விரல் எங்கே போயிற்று என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நஞ்சப்பா அதைப் பார்த்தார். கன்னியம்மா பார்த்தாள். நின்றிருந்த நர்ஸுகள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தால் புரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் அங்கே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.